கீறல் ஓசைக்கு ஒரு எழுத்து

இசைத்தட்டில் கீறல் விழுந்தால் அது கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவார்கள். அந்தக் கீறல் ஓசையிலிருந்தே ஒரு இசையை உண்டாக்கியவர்கள், நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் வாழ்ந்த ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள். எழுத்தில் இல்லாத அறிவை அறிவாகவே மதிக்காத சமூகத்தில் வாழும் நாம், அந்த ஓசை எழுத்தான வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1948இல் தொடங்கிய கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலைப் பணி குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போனது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. 1975இல் நகர நிர்வாகம் திவாலாகும் நிலைக்கு வந்தபோது பள்ளி ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர்; இசை வகுப்புகளும் வெட்டுப்பட்டன. வாத்தியம் கற்க வழியில்லாத பிள்ளைகளுக்கு இசைத்தட்டே வாத்தியமானது.

1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் நடந்த விருந்தில் தட்டு சுழற்றியவர், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க். பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளை, ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டும் முறை அவருடையது. இதைத் துல்லியமாக்கியவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தாளம் தொடங்கும் இடத்தைக் காட்ட அவர் தட்டின் மேலேயே க்ரேயானால் கோடு போட்டார். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. அந்தக் கோட்டைக் கடிகார முள்போலப் பார்த்து, எத்தனை சுற்று பின்னால் தள்ள வேண்டும் என்று கணக்கிட்டார். இந்த இசையின் முதல் எழுத்து அந்த க்ரேயான் கோடுதான் என்போம்.

கீறல் ஓசையைக் கண்டுபிடித்தவராக அறியப்படுபவர் கிராண்ட் விசார்ட் தியோடர். 1975 வாக்கில், 12 வயதளவில், சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அம்மா கதவருகே வந்து நின்றபோது ஓடும் தட்டைக் கையால் பிடித்தாராம். கைக்கடியில் தட்டு முன்னும் பின்னும் அசைந்தபோது எழுந்த ஓசை அவருக்குப் பிடித்துப்போனது. அவரே சொல்லும் கதை இது. 1983இல் ஹெர்பி ஹான்காக்கின் 'ராக்கிட்' பாடலில் கிராண்ட்மிக்ஸர் டி.எஸ்.டி. வாசித்த கீறல் ஓசை உலகெங்கும் கேட்டது. பேபி, சிர்ப், டிரான்ஸ்ஃபார்மர், ஃபிளேர் என்று நுட்பங்களுக்குப் பெயர்கள் பிறந்தன. ஆனால் எல்லாம் கையிலிருந்து கைக்கும் காதிலிருந்து காதுக்கும்தான் போயின.

ஐரோப்பியரின் ஐந்துகோட்டு இசைத்தாளில் இது எளிதில் அடங்காது. அந்தத் தாள் தனித்தனிச் சுரங்களுக்கானது. கையால் இழுக்கப்படும் தட்டிலோ, வேகம் மாற மாற ஒலியின் உயரமும் வழுக்கிக்கொண்டே போகும்.

ஆவணப்பட இயக்குநர் ஜான் கார்லுச்சியோ, ஈதன் இம்போடன், ரேமண்ட் பர்ட்டல் ஆகியோர் இதற்கென்றே ஒரு குறியீட்டு முறையை உருவாக்கி 2000இல் வெளியிட்டனர். கட்டம் போட்ட தாள் ஒன்று போதும். இடமிருந்து வலமாக நேரம். கீழிருந்து மேலாக, தட்டில் பதிந்திருக்கும் ஒலியின் தொடக்கமும் முடிவும். தட்டை முன்னால் தள்ளினால் கோடு ஏறும். பின்னால் இழுத்தால் இறங்கும். வேகம் கூடினால் செங்குத்தாகும்; தட்டு நின்றால் படுத்துவிடும். மறுகை மிக்ஸரின் ஃபேடரை மூடித் திறக்கும் இடத்தில் கோட்டில் வெட்டு விழும். பேபி என்பது வெட்டில்லாத மலை வடிவம். சிர்ப்பில் மலையின் உச்சி வெட்டுப்படும். டிரான்ஸ்ஃபார்மரில் ஒரே சரிவு துண்டு துண்டாகும். இரண்டு கைகளின் வேலையும் ஒரே கோட்டில் தெரிகிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கலையை வெட்டிக் குறுக்கிப் பழைய தாளுக்குள் அடைக்கவில்லை; கலைக்கு ஏற்றபடி தாளை மாற்றினார்கள். எழுதப்பட்ட பிறகுதான் அது இசையானது என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. எழுத்து வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே தியோடரின் கை அதை அறிந்திருந்தது.

அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியபோது, கறுப்பின மக்களின் நிலைக்கும் தீண்டப்படாதோரின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டார். அந்த ஒற்றுமை இசையிலும் உண்டு. பறையின் அடிகளை நம் பெரியவர்கள் வாய்ச்சொல்லாகச் சொல்லி, கையால் அடித்துக் காட்டித்தான் தந்தார்கள். சாவுக்கு அடி என்று கட்டாயப்படுத்தியவர்கள் அதை இசை என்று ஒப்பவில்லை. இன்று பறை மேடையேறுகிறது. பயிற்சி வகுப்புகளில் கற்றுத் தரப்படுகிறது. நல்லதுதான். ஆனால் அடியைச் சுமந்து வந்தவர்களின் பெயர் எங்கே?

பறையடிகளை எழுதி வைக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. அதை மற்றவர்களின் தாள இலக்கணத்துக்குள் திணிக்காமல், இரண்டு குச்சிகளும் தோலும் நெருப்பில் காய்ச்சிய பதமும் தீர்மானிக்கிற முறையிலேயே எழுத வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் அதைச் சொல்லித் தந்தவரின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். பிராங்க்ஸின் கீறலுக்குத் தியோடர் என்ற பெயர் நிலைத்திருக்கிறது. நம் அடிகளுக்கும் பெயர்கள் உண்டு. அவற்றை அறிந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே எழுதத் தொடங்குவோம்.