மின்வேதிவழி ஹேலஜன் நீக்கம்

குளோரின், புரோமின் முதலிய ஹேலஜன்கள் சேர்ந்த கரிம மாசுகளை எலக்ட்ரான் பரிமாற்றத்தால் சிதைக்கும் முறை. கார்பன்-குளோரின் பிணைப்பு எலக்ட்ரானைப் பெற்று முறியும்போது, குளோரின் தீங்கு குறைந்த குளோரைடு அயனியாகப் பிரிகிறது.

ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தின் குளோரினை 1842இல் மெல்சென்ஸ் பொட்டாசிய இரசக்கலவையால் (பாதரசக் கலவை) அகற்றினார். 1845இல் ஹெர்மன் கோல்பே மின்னாற்பகுப்பால் அகற்றினார். இரசக்கலவை வினையையும் மின்வேதியியலில் சேர்ப்போர் மெல்சென்ஸையே முன்னோடி என்பர். மாசு நீக்கம் இருவருடைய நோக்கமும் அன்று. 1949இல் ஸ்டாக்கல்பெர்க்கும் ஸ்ட்ராக்கெயும் சொட்டும் பாதரச மின்முனையில் ஆய்ந்து, அயோடின் எளிதாகவும் குளோரின் அரிதாகவும் விடுபடுவதைக் காட்டினர்.

மின்சாரமே பாய்ச்சாத ஒரு முறைதான் நிலத்தடி நீரில் பெரும்பயன் தந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1980களில், நீர் மாதிரி எடுக்கும் குழாய்கள் மாசை உறிஞ்சி அளவீட்டைக் கெடுக்கின்றனவா என்று சோதித்தார்கள். சில உலோகங்கள் பட்ட நீரில் ஹேலஜன் சேர்மங்கள் குறைந்துகொண்டே வந்தன. அளவீட்டுப் பிழையைத் தேடப்போன இடத்தில் கிடைத்த இந்தச் செய்தியின் பெறுமதியை அப்பல்கலைக்கழக ஆய்வாளர் ராபர்ட் கில்லம் சில ஆண்டுகள் கழித்து உணர்ந்தார். 1991இல் போர்டன் படைத்தளத்தில் 22 விழுக்காடு இரும்புத் துகளும் 78 விழுக்காடு மணலும் கலந்து, 1.5 மீட்டர் தடிப்பில், நீரோட்டத்துக்குக் குறுக்கே மண்ணுக்குள் ஒரு சுவர் அமைக்கப்பட்டது. அதன் வழியே கசிந்த நீரில் ட்ரைகுளோரோஎத்திலீன் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது. இரும்பு துருப்பிடிக்கையில் விடும் எலக்ட்ரான்களே குளோரினைக் கழற்றின. பம்போ மின்இணைப்போ தேவைப்படவில்லை. ஐந்தாண்டுக் கண்காணிப்பிலும் சுவரின் திறன் பெரிதாகக் குன்றவில்லை. 1994-95இல் கலிபோர்னியாவின் சன்னிவேலில் முதல் வணிகச் சுவர் எழுந்தது.

உலோகங்களால் பூச்சிக்கொல்லிகளைச் சிதைப்பதற்கு 1972இலேயே அமெரிக்கக் காப்புரிமை இருந்ததால், கண்டுபிடிப்பின் முதன்மை முழுவதையும் வாட்டர்லூவுக்கே தர இயலாது. எலக்ட்ரான் இரும்பின் பரப்பிலிருந்து நேரே செல்கிறதா, இரும்பு(II) அயனி வழியாகவா, அரிப்பில் உண்டாகும் ஹைட்ரஜன் வழியாகவா என்று 1994இல் மாதெசனும் டிராட்னியெக்கும் மூன்று வழிகளை முன்வைத்தனர். நேர்வழியே முதன்மையானது என்ற கருத்து வலுவாக உள்ளது.

நேர்மின்முனையில் ஆக்சிஜனேற்றும் முறை தனிக்கிளை. போரான் கலந்த வைர மின்முனை, பெர்ஃபுளூரோ சேர்மங்களையும் சிதைக்கிறது. ஆனால் குளோரைடு உள்ள நீரில் பெர்குளோரேட்டு என்ற புதிய மாசு உண்டாகிறது. குளோரினைக் கழற்றுவதோடு நில்லாமல், 2021இல் சூரிக்கின் மொராண்டி ஆய்வுக் குழுவினரும் கூட்டாளிகளும் லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியிலிருந்து மின்வேதிவழி பிரித்த குளோரினை வேறொரு மூலக்கூறுக்கு மாற்றிக் காட்டினர்; லிண்டேன் பென்சீனாக எஞ்சியது.