மலை மீது ஓர் இரும்புப் பாதை

இத்தாலி நாட்டின் வடக்கே டோலமைட் என்னும் மலைத்தொடர் இருக்கிறது. அதன் செங்குத்தான பாறைகளில் 'வியா ஃபெராட்டா' எனப்படும் வழிகள் உள்ளன. இரும்புப் பாதை என்பது அதன் பொருள். பாறையில் முளை அடித்து, எஃகு வடம் கட்டி, ஏணியும் படியும் பொருத்திய பாதை அது.

இத்தகைய வழி போருக்கு முன்பே உண்டு. 1843-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் சிகரத்தில் ஃப்ரீட்ரிக் சிமோனி என்ற அறிஞர் இரும்பு முளைகளும் கயிறும் பொருத்தச் செய்தார். ஆனால் டோலமைட் மலைகளில் இவை பெருகியதற்கு முதல் உலகப் போரே முக்கிய காரணமாகும்.

1915 மே மாதம் இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் தொடுத்தது. போர்முனை மலையுச்சிகளிலேயே அமைந்தது. அங்கிருந்த வீரர்களுக்கு உணவு, விறகு, வெடிமருந்து எல்லாம் மேலே போய்ச் சேரவேண்டும். ஆகவே இரு தரப்பாரும் பாறைகளில் கயிறு கட்டினார்கள், ஏணி சார்த்தினார்கள், மூட்டைகளை முதுகில் சுமந்து ஏறினார்கள்.

தோஃபானா தி ரோசெஸ் மலையை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் 3,225 மீட்டர். அதை ஒட்டிய காஸ்டெலெட்டோ என்னும் பாறை ஆஸ்திரியப் படையின் கையில் இருந்தது. இத்தாலியர் மலைக்குள் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்தார்கள். துளையிடும் ஓசை மேலே இருந்தவர்களுக்குக் கேட்டது. ஆயினும் அவர்கள் இடத்தைவிட்டு அகலவில்லை. 1916 ஜூலை 11-ஆம் நாள் விடியுமுன், 35 டன் வெடிமருந்து அப்பாறையைத் தகர்த்தது.

இன்று அதே சுரங்கத்தின் வழியாகத்தான் லிபெல்லா என்னும் இரும்புப் பாதைக்குச் செல்கிறார்கள். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்வது போன்ற விளக்கோடு, இருளில் படியேறி, மறுபுறம் பாறைச் சுவருக்கு வருகிறார்கள். தலையில் கவசம், இடுப்பில் வார், வாரிலிருந்து இரண்டு குறுங்கயிறுகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கொக்கி. முளை வந்ததும் ஒரு கொக்கியைக் கழற்றி அப்பால் மாட்டுவார்கள். அது மாட்டிய பிறகே அடுத்ததைக் கழற்றுவார்கள். இரண்டையும் ஒருசேரக் கழற்றக் கூடாது என்பதே முதல் விதி. அன்று மூட்டை சுமந்த வீரர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

நம் நாட்டிலும் சபாவின் கினபாலு மலையில் 2007-ஆம் ஆண்டு இத்தகைய பாதை திறக்கப்பட்டது. அது உல்லாசப் பயணிகளுக்கென்றே அமைத்தது. டோலமைட் பாதைகள் பலவற்றின் தொடக்கமோ வேறு.

சிகரம் ஏறியவர் பெயர் புத்தகத்தில் நிற்கிறது. முளை அடித்தவர் பெயர் பெரும்பாலும் நிற்பதில்லை. மலைப்பாதையானாலும் தோட்டத்துச் செம்மண் சாலையானாலும், இதைப் போட்ட கைகள் யாருடையவை என்று நம் பிள்ளைகள் கேட்கப் பழகவேண்டும். வரலாறு படிப்பது அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.