கர்னல்

இத்தாலிய மொழியில் 'கொலொன்னா' என்றால் தூண். தூண்போல் நீண்டு நிற்கும் படை அணிக்கும் அதுவே பெயர். அந்த அணியின் தலைவர் 'கொலொன்னெல்லோ'. பிரெஞ்சுக்காரர் வாயில் முதல் லகரம் ரகரமாகி 'கொரொனெல்' ஆனது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. பிறகு எழுத்து மட்டும் இத்தாலிய வடிவத்துக்குத் திரும்பியது, ஒலி திரும்பவில்லை. தமிழுக்கு வந்தது அந்த ஒலிதான். அதனால் ஆங்கிலத்தில் எழுதாமலே உச்சரிக்கப்படும் ரகரம், தமிழில் எழுத்திலேயே நிற்கிறது.

முப்பதாண்டுப் போர்க் காலத்தில் (1618–1648) கர்னல் என்பது வெறும் பதவியன்று, ஏறக்குறைய ஒரு தொழில். ஓர் அரசரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, சொந்தப் பொறுப்பில் ஆள் திரட்டிக் கொடுப்பவரே கர்னல். ஸ்காட்லாந்தின் டொனால்ட் மக்கே 1626இல் திரட்டிய படைப்பிரிவு முதலில் டென்மார்க்குக்காகவும் பின்னர் சுவீடனுக்காகவும் போரிட்டது. கொடி மாறினாலும் பெயர் 'மக்கேயின் படைப்பிரிவு'தான். அதில் பணியாற்றிக் கர்னலாக உயர்ந்த ராபர்ட் மன்ரோ, அதன் வரலாற்றை 1637இல் நூலாக வெளியிட்டார்.

ஆள் கணக்குக்கு ஏற்பச் சம்பளம் வந்ததால், செத்தவர் பெயரையும் பட்டியலில் வைத்துப் பணம் பார்த்த அதிகாரிகள் அக்காலப் படைகளில் உண்டு. கர்னல் ஆள் பிடிக்க ஊருக்குப் போனால் படையை நடத்தியவர் அவருக்குப் பதிலாளான லெப்டினன்ட் கர்னல். 'லெப்டினன்ட்' என்பதன் பொருளே 'இடத்தில் இருப்பவர்'.