தஞ்சை மருத்துவ ஏடுகள் அச்சேறிய வரலாறு

காவிரிக் கழிமுகத்தில் மருத்துவம் முதலில் எழுதப்பட்டது பனையோலையில். ஓலையை வாரி, பதப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்தால் சுவடி தயார். எழுத்தாணி கீறிய இடத்தில் கரியும் மஞ்சளும் இலைச்சாறும் கலந்து தடவ, எழுத்து துலங்கும். ஈரக்காற்று ஓயாத நெல்வயல் ஊர்களில் ஓலையைப் பூச்சி விடாது. அதனால் சில தலைமுறைக்கு ஒருமுறை படியெடுத்தால்தான் நூல் பிழைக்கும். படியெடுத்து முடித்த பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவார்கள். படியெடுக்க ஆளில்லாத வீட்டு ஏடுகளும் சில வேளை அதே வழியில் போய்ச் சேர்ந்தன.

மருத்துவச் சுவடிகளை வாகடம் என்பர். நாடி பார்க்கும் முறை, நோயின் குறிகுணம், குடிநீர், சூரணம், தைலம், மாத்திரை, பற்பம், செந்தூரம், அனுபானம், பத்தியம் என்பவை அவற்றில் இடம்பெறும். பெரும்பாலும் செய்யுளில் இருக்கும்; மாணவன் மனப்பாடம் செய்யவும், படியெடுப்பவன் விட்ட சீரை யாப்பைக் கொண்டு கண்டுபிடிக்கவும் அது உதவியது. எழுதியவர் தம் பெயரை மறைத்து, நூலை அகத்தியர் பெயரிலோ தேரையர் பெயரிலோ வழங்கவிடுவது இயல்பாக இருந்தது. சில சரக்குகளின் பெயர்கள் குருவிடம் பாடம் கேட்டவனுக்கே விளங்கும் பரிபாஷையில் இருக்கும்.

ஒரு நூல் எப்படி அமைய வேண்டும், யார் முன் வைக்கப்பட வேண்டும் என்பதற்குத் தமிழில் பழைய விதிகள் உண்டு. எழுதியவர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லப்படும் பொருள், கேட்கத் தகுந்தவர், கிடைக்கும் பயன் ஆகிய எட்டையும் சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டும் என்பது நன்னூல் விதி. அதன்பின் புலவர் அவையில் அரங்கேற்றம். தடை எழுப்புவோருக்கு ஆசிரியர் விடை சொல்லியாக வேண்டும். இந்த ஏற்பாடு இலக்கியத்துக்கும் இலக்கணத்துக்கும் உரியது. கைமுறை நூலான வாகடமோ ஆசானிடமிருந்து மாணவனுக்கு, அல்லது தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது. ஒரு வைத்தியரின் அனுபவத்தை இன்னொரு வைத்தியர் சோதித்து, அந்த முடிவையும் ஊரறிய எழுதிவைக்கும் பொதுக்களம் அதற்கு அமையவில்லை.

தரங்கம்பாடியிலிருந்து ஹாலேக்கு

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையின்படி தரங்கம்பாடி டேனிஷ் வணிகர் கைக்கு வந்தது. 1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சோவும் அங்கே கரையிறங்கினர். டென்மார்க் மன்னர் கிறித்தவ மிஷனரிகளாக அனுப்பிய இந்த இருவருக்கும் அறிவுத் தாயகம் ஜெர்மனியின் ஹாலே நகரம். அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நடத்திய அநாதை இல்லம், பள்ளி, மருந்தகம், அச்சகம் ஆகியவை ஒரே வளாகத்தில் இயங்கின. சீகன்பால்கு தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து, நூற்றுக்கு மேற்பட்ட நூல்களின் விளக்கப் பட்டியலை 1708-இல் எழுதினார்.

1709-இல் வந்து சேர்ந்த யோகான் எர்னஸ்ட் கிருண்ட்லர் தமிழ் மருத்துவத்தில் கருத்தைச் செலுத்தினார். தமிழ் வாகடங்களை அடிப்படையாகக் கொண்டு அவர் 1711-இல் ஜெர்மன் மொழியில் ஒரு கையெழுத்துப் படியை முடித்தார். அக்கால ஐரோப்பியர் தமிழரை மலபார்கள் என்று குறித்ததால் நூலுக்கு ‘மலபார் வைத்தியர்’ என்று பொருள்படும் பெயர் அமைந்தது. தமிழர் மருத்துவத்தின் அடிப்படைக் கொள்கைகள் எவை, எந்த நோயை எந்த மருந்தால் எம்முறையில் தீர்க்கிறார்கள் என்ற இரண்டையும் சொல்வது அதன் நோக்கம். கொள்கையை முதலிலும் சிகிச்சையை அடுத்தும் வைத்த அந்த வரிசை ஐரோப்பிய மருத்துவ மாணவருக்குப் பழகிய வரிசை. சுவடியில் செய்யுளாக இருந்தது உரைநடையானது. ஆசானின் வாய்மொழி விளக்கம் பக்கத்தில் ஏறியது.

இத்தகைய தாள்களை ஐரோப்பாவுக்கு அனுப்புவதும் எளிதன்று. கடிதம் கப்பலேறி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஐரோப்பா சேரப் பல மாதம் ஆகும். பதில் வந்து சேர ஒன்றரை, இரண்டு ஆண்டுகூட ஆகலாம். கப்பல் மூழ்கலாம், பிடிபடலாம். முக்கியமான தாள்களுக்குப் படிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பியதற்கு அதுவே காரணம்.

ஹாலேயில் அவற்றைப் பெற்றவர்களிடம் ஓர் அச்சு வெளியீடும் இருந்தது. தரங்கம்பாடிக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தொகுத்து 1710 முதல் 1772 வரை 108 பகுதிகளாக வெளிவந்த ‘ஹாலே அறிக்கைகள்’ ஐரோப்பாவில் பரவலாகப் படிக்கப்பட்டன. எதை அச்சிடுவது, எதை வெட்டுவது, எதை நிறுத்திவைப்பது என்பதை ஹாலே ஆசிரியர்கள் முடிவு செய்தார்கள். மிஷனுக்கு ஆதரவும் நன்கொடையும் திரட்டுவது அவர்கள் நோக்கம். சீகன்பால்கு 1713-இல் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை அச்சிடப் பிராங்கே மறுத்துவிட்டார். புறச்சமயத்தை ஒழிக்கப் போனவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்பக் கூடாது என்பது அவர் வாதம். அந்நூல் 1867-இல் சென்னையில்தான் அச்சானது. கிருண்ட்லரின் மருத்துவ நூலும் அவர் காலத்தில் அச்சேறாமல் ஹாலே ஆவணக் காப்பகத்தில் தங்கிவிட்டது. 1720-இல் அவர் இறந்தார். தமிழ் மருத்துவத்தை ஐரோப்பாவுக்கு முறையாக அறிமுகப்படுத்தியிருக்கக்கூடிய அந்த நூல் பிற்கால ஆய்வாளர் சிலரின் கண்ணில் மட்டுமே பட்டது.

பிறர் நூலில் ஏறிய அவதானிப்புகள்

1768-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக், சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸிடம் பயின்றவர். கழிமுகத்துச் செடிகளையும் உயிர்களையும் ஆராய்ந்து, விவரக் குறிப்புகளை ஐரோப்பிய நண்பர்களுக்கு அனுப்பிவந்தார். கறையானைப் பற்றிய அவர் கட்டுரை 1779-இல் பெர்லின் இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. இஞ்சி, மஞ்சள் குடும்பத்துச் செடிகளைப் பற்றிய விவரங்களை சுவீடனின் ரெட்சியஸ் தம் நூலில் 1783-இல் அச்சிட்டார். 1785-இல் கோனிக் இறந்தபோது எஞ்சிய தாள்கள் அவர் விருப்பப்படி லண்டனில் இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸிடம் சேர்ந்தன. இடைத்தரகரின் தயவில்தான் எழுத்து அச்சேறும் என்ற நிலை அப்போதும் மாறவில்லை. ஆனால் ஐரோப்பாவில் அறிவியல் சங்கங்கள் பெருகியதால் வாசல்கள் கூடின.

கோனிக்குக்குப் பின் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளரான பாட்ரிக் ரஸ்ஸல், தஞ்சையின் ஒரு மருந்தைச் சோதனைக்கு எடுத்தார். பாம்புக்கடிக்குக் கொடுக்கப்பட்ட ‘தஞ்சாவூர் மாத்திரை’ அது. வெள்ளைப் பாஷாணம், இரசம், நேர்வாளம், மிளகு முதலியவற்றை எருக்கம்பாலில் அரைத்து உருட்டியது. தஞ்சை வைத்தியர் ஒருவரிடமிருந்து அதன் செய்முறையைப் பெற்றுத் தந்தவர் மிஷனரி சுவார்ட்ஸ் என்று அக்கால நூல்கள் சொல்கின்றன. ரஸ்ஸல் நாய்க்கும் கோழிக்கும் பாம்புக்கடி ஏற்படுத்தி மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். பாம்புகளில் நஞ்சில்லாதவை பல. நஞ்சுள்ளது கடித்தாலும் எல்லோரும் சாவதில்லை. ஆகவே மாத்திரை தின்றவர் பிழைத்தார் என்பது மட்டும் மாத்திரைக்குச் சான்றாகாது என்பது அவர் தருக்கம். சோதனை விவரங்கள் 1796-இல் அவருடைய இந்தியப் பாம்புகள் நூலில் வெளிவந்தன. செய்முறை, சோதித்த விதம், கிடைத்த முடிவு, ஐயம் ஆகிய நான்கும் ஒருசேர அச்சில் வந்ததால் பின்னால் வந்தவர் எவராலும் அதை மறுபடி சோதிக்க முடிந்தது. வாகடத்தில் இருந்தவரை அந்த மாத்திரைக்கு இது வாய்க்கவில்லை.

சரபோஜியின் மருத்துவத் தொகுப்பு

சுவார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை தஞ்சை அரியணையில் இருந்தார். ஆட்சி அதிகாரம் ஆங்கிலேயரிடம் போய்விட்டதால், அரண்மனையின் பொருளும் பொழுதும் கல்விக்குச் சென்றன. சரசுவதி மகால் நூலகத்துக்குச் சுவடிகளும் ஐரோப்பிய நூல்களும் ஒருங்கே வந்து சேர்ந்தன. அரண்மனை மருத்துவ நிலையமான தன்வந்திரி மகாலில் பல மரபு வைத்தியர்கள் மருந்து செய்து கொடுத்து, பலன் கண்டவற்றைத் தொகுத்தார்கள். அவற்றை அரசவைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக்கினர். கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகரின் பெயர் இதில் முக்கியமாகச் சொல்லப்படுகிறது. சரபேந்திர வைத்திய முறைகள் என்று வழங்கும் தொகுப்பு இதுவே.

இதைவிடப் புதியது, அரண்மனையின் கண் நோய்க் குறிப்புகள். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித் தாள்; நோயின் நிலை, செய்த சிகிச்சை, அதன் பலன் என்று வரிசையான பதிவு; கண்ணின் வண்ணப் படம். மெக்பீன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதில் உடன் பணிபுரிந்தார். செய்யுள் வாகடத்தில் நோய் பொதுவாகப் பேசப்படும்; இந்தத் தாள்களில் ஒரு குறிப்பிட்ட மனிதரின் கண் பேசப்படுகிறது. இன்றைய நோயாளி அறிக்கையின் உறுப்புகள் பெரும்பாலும் அதில் உள்ளன.

மன்னரிடம் அச்சகமும் இருந்தது. நவவித்யா கலாநிதி என்ற அந்தத் தேவநாகரி அச்சகத்தில் 1806-இல் ஈசாப் கதைகளின் மராத்தி மொழிபெயர்ப்பு அச்சானது. தர்க்க நூலும் காவியமும் வெளிவந்தன. அங்கே அச்சானவையாக அறியப்படும் நூல்களில் மருத்துவத் தொகுப்புகள் இல்லை. 1828-இல் லண்டன் ராயல் ஏசியாடிக் சங்கம் சரபோஜியைக் கௌரவ உறுப்பினராக்கியது. கண் நோய்த் தாள்களோ நூலகக் கட்டுகளிலேயே இருந்தன.

இதழ்களின் காலம்

அதே காலத்தில் இந்தியாவில் மருத்துவ இதழ்கள் முளைத்தன. 1823-இல் கல்கத்தாவில் தொடங்கிய மருத்துவ, இயற்பியல் சங்கம் 1825 முதல் தன் நடவடிக்கைகளை வெளியிட்டது. சென்னையில் 1839-இல் காலாண்டு மருத்துவ இதழ் ஒன்று வந்தது. 1866-இல் கல்கத்தாவில் தொடங்கிய ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ மாவட்ட மருத்துவர்கள் பரவலாக எழுதும் இடமானது. 1913-இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ வந்தது. பெரிய கண்டுபிடிப்பென்று கருதியதை லண்டனுக்கே அனுப்பும் வழக்கம் அப்போதும் இருந்தது. கொசு வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸின் கட்டுரை 1897 டிசம்பரில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில்தான் வந்தது. இந்திய மருத்துவர் ஒருவரே தொடங்கி நடத்திய இதழுக்குச் சென்னையில் டி.எம். நாயர் 1904-இல் தொடங்கிய ‘ஆண்டிசெப்டிக்’ எடுத்துக்காட்டு.

மரபு வைத்தியர்களுக்கு இந்த வாசல்கள் திறக்கவில்லை. மொழி ஆங்கிலம், சொல்லும் முறையும் வேறு. விட்லா எயின்ஸ்லி 1813-இல் சென்னையில் அச்சிட்ட மருந்துச் சரக்கு நூலில் தமிழ்ப் பெயர்களும் தமிழ் மருத்துவ நூல்களும் இடம்பெற்றன. ஆனால் எழுதியவர் கம்பெனி மருத்துவர், வைத்தியர்கள் தகவல் தந்தவர்கள். மரபு மருத்துவத்தை ஆராய அரசு 1921-இல் அமைத்த முகம்மது உஸ்மான் குழு வைத்தியர்களிடம் எழுத்துச் சாட்சியம் கேட்டு, 1923 அறிக்கையோடு அவற்றைத் தமிழிலும் அச்சிட்டது. தங்கள் கொள்கையைத் தாங்களே எழுதி அரசிடம் கொடுக்க மரபு வைத்தியர்களுக்கு அமைந்த அரிய வாய்ப்பு அது. 1918-இல் பொது நூலகமான சரசுவதி மகால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சரபேந்திர வைத்திய முறைகளை நோய்வாரியாகப் பதிப்பித்தது.

இன்றைய விதிகள்

இருபதாம் நூற்றாண்டில் கட்டுரையின் வடிவம் இறுகியது. முன்னுரை, முறை, முடிவு, விவாதம் என்ற நான்கு பிரிவு நிலைபெற்றது. 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய இதழாசிரியர்கள் கையெழுத்துப் படிக்கான பொது விதிகளை வகுத்தார்கள். யாரை ஆசிரியர் எனலாம், மேற்கோளை எப்படிக் காட்டுவது, பண உறவுகளை எப்படி அறிவிப்பது என்பதெல்லாம் இப்போது அந்த விதிகளில் அடக்கம். ஆய்வைத் தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்து ஒப்புதலும் வேண்டும். மருந்துச் சோதனை என்றால் 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். அனுப்பிய கட்டுரையை அத்துறை வல்லுநர் சிலர் படித்துக் கேள்வி எழுப்புவார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதித் திருத்திய பிறகே ஏற்பா மறுப்பா என்பது தெரியும்.

1950-களின் இறுதியில் உருவான தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர்களும் பட்ட மேற்படிப்பு மாணவர்களும் இந்த விதிகளுக்கு உட்பட்டே எழுதுகிறார்கள். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற விதி வந்தபின் எழுதுவோர் கூடினர். மதிப்பீடே இல்லாமல் பணம் பெற்று அச்சிடும் போலி இதழ்களும் கூடின. சித்த மருத்துவ ஆய்வாளருக்குக் கூடுதலாக ஒரு சுமை உண்டு: சரக்கின் தாவரப் பெயர், சுத்தி செய்த முறை, அளவு ஆகியவற்றை மற்றவர் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு விளக்க வேண்டும். பாஷாணம், இரசம் சேர்ந்த மருந்தென்றால் நச்சுத்தன்மைச் சோதனையும் கேட்கப்படும்.

சரபோஜியின் கண் நோய்த் தாள்களைச் சமகாலக் கண் மருத்துவர்கள் ஆராய்ந்து தங்கள் துறை இதழ்களில் கட்டுரையாக்கியுள்ளனர். எழுதப்பட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் அவை உலக மருத்துவர் பார்வைக்கு வந்தன. அதற்குள் கண்புரை அறுவை பலமுறை மாறிவிட்டதால் அவற்றின் பயன் வரலாற்றோடு நின்றுவிட்டது. தஞ்சை வட்டாரத்தில் மருத்துவத்தைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கோ எழுதியவர்களுக்கோ குறைவிருந்ததில்லை. எழுதியதைச் சோதித்து ஏற்கவோ மறுக்கவோ பொதுவான ஓர் அவை இல்லாததே முந்நூறு ஆண்டுக் குறை. அந்த அவை இன்று இருக்கிறது. எழுதியதை உரிய காலத்தில் அதன்முன் வைப்பது எழுதுபவரின் பொறுப்பு.