பிள்ளையை வளர்த்தவள் யார்?

ஃபிக்ஹு நூல்களில் தாய்மை என்று ஒரே பாடம் கிடையாது. பாலூட்டுவதற்கு ‘ரளாஅத்’ என்று ஒரு பாடம். வளர்த்தெடுப்பதற்கு ‘ஹளானத்’ என்று வேறொரு பாடம். பெற்றவளும் பாலூட்டியவளும் வளர்ப்பவளும் வெவ்வேறு பெண்களாக இருக்கக்கூடும் என்பதை இமாம்கள் நன்கறிந்திருந்தனர். பாமாவின் ‘சங்கதி’யை (1994) வாசித்தபோது நமக்கு இப்பாகுபாடே நினைவுக்கு வந்தது.

பாமா நம் விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்தவர். தலித் கிறிஸ்தவப் பெண்களின் வாழ்வை அவர்கள் பேசும் மொழியிலேயே எழுதியவர். அம்மொழி கரடுமுரடானது என்று முகம் சுளிப்போர் நம்மிலும் உண்டு. அப்பெண்களை ஏட்டு மொழியில் பேசவைத்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். அந்நூலில் மைக்கண்ணி என்றொரு சிறுமி வருகிறாள். தாய் பிள்ளை பெற்றுப் படுக்கும்போதெல்லாம் இவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கூலி கொண்டுவருகிறாள். தாய் தேறிக் காட்டு வேலைக்குப் போகத் தொடங்கியதும், வீட்டிலிருந்து கைக்குழந்தையை வளர்க்கிறாள். ஹளானத் என்னும் பொறுப்பு ஒரு குழந்தையின் இடுப்பிலேயே ஏறிவிட்டது!

மழை பொய்க்கும் கரிசல் சீமைக்கு 1920-களில் வந்தது தீப்பெட்டித் தொழில். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த அத்தொழில் பஞ்சத்தை விரட்டியது மெய்யே. சிறு விரல்களை அது விழுங்கியதும் மெய்யே. 1996 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அக்குழந்தைக்குப் பதிலாக வீட்டில் வயது வந்த ஒருவருக்கு வேலை, இயலாதபோது அரசின் பங்காக 5,000 ரூபாய் என்றும் விதித்தது. வீட்டில் பெரியவர்க்கு வருவாய் இல்லாமல் மகளை மீட்க முடியாது என்பதை நீதிபதிகளும் உணர்ந்திருந்தனர் என்றே நாம் கொள்கிறோம்.

இதே தாய்மைச் சுமையை ஆப்பிரிக்காவில் எழுதியவர் மரியாமா பா (1929–1981). 1960-இல் விடுதலை பெற்ற செனகல் நாட்டு முஸ்லிம் ஆசிரியை. பிரெஞ்சு மொழியில் 1979-இல் வெளிவந்த அவரது நாவல் முழுவதும் ஒரு நெடுங்கடிதம். பன்னிரண்டு பிள்ளைகளின் தாயான ரமதுலாயே, கணவன் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கையில் தன் தோழிக்கு அதை எழுதுகிறாள். மகளின் தோழியையே இரண்டாந்தாரமாக்கிக்கொண்டு சென்ற கணவன் அவன். இத்தாவை அடைபட்ட காலமாகவே எண்ணிப் பழகிய நமக்கு, ஒரு தாய் தன் வாழ்வைத் தானே கணக்குப் பார்க்கும் காலமாகவும் அது அமையும் என்று இந்நூல் காட்டுகிறது. மணமாகாமல் கருவுற்ற மகளை அவள் அணைத்துக்கொள்ளும் இடத்தில் சிலர் புத்தகத்தை மூடிவிடக்கூடும்; மூடாதிருக்க வேண்டுகிறோம்.

புதுப்பட்டிப் பாட்டி வெள்ளையம்மாவுக்கோ அந்த அவகாசமும் இல்லை. கணவன் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், திரும்பவேயில்லை. மரணச் செய்தியும் இல்லை, விடுவிப்பும் இல்லை. ஷரீஅத்தில் இத்தகையவனுக்கு ‘மஃப்கூத்’ என்று பெயர். மாலிக்கி மத்ஹபில் அவன் மனைவி நான்காண்டு காத்திருந்து, அதன்பின் இத்தா இருப்பாள். பாட்டி நாள் எண்ணவில்லை. பஞ்சம் வந்தபோது தாலியைக் கழற்றி விற்றுப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சினாள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பேறு பார்த்தவளும் அவளே.