மீன்தொட்டிக்கு மேலே ஒரு சூரியன்

அக்ரிலிக் மீன்தொட்டியை மேலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித் தொட்டி மாதிரி வாய் முழுக்கத் திறந்திருக்காது. நான்கு பக்கமும் உள்நோக்கிச் சில அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை ஓடும். பெரிய தொட்டி என்றால் நடுவில் குறுக்காகவும் ஒன்று இருக்கும். இது அழகுக்காக வைத்ததல்ல. கண்ணாடியைவிட அக்ரிலிக் எளிதில் வளையும். 400 லிட்டர் தொட்டி என்றால் 400 கிலோ தண்ணீர் ராத்திரி பகலாகச் சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. சுவர்கள் பிதுங்காமல் இழுத்துப் பிடிப்பது அந்த மேற்பட்டைதான்.

விளக்கு எரிவதும் அதற்கு நேர் மேலேதான். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

ஆரம்ப காலத்து மீன் வளர்ப்பாளர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1853-இல் மீன்களுக்கென்று தனிக் கட்டடம் திறந்தபோது தொட்டிகள் கண்ணாடி, வெளிச்சம் வானத்திலிருந்து இலவசம். பின்னால் வந்த குண்டு பல்பும், 1938-இல் கடைக்கு வந்த டியூப் லைட்டும் சாதாரண மீன்களுக்குப் போதுமானதாக இருந்தன.

அக்ரிலிக்கின் கதை வேறு திசையிலிருந்து வருகிறது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஓட்டோ ரோமின் நிறுவனம் 1933-இல் 'பிளெக்ஸிகிளாஸ்' என்ற பெயரைப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் 'பெர்ஸ்பெக்ஸ்' வந்தது. இரண்டாம் உலகப் போரில் இரண்டு தரப்புமே போர் விமானத்தில் விமானி உட்காரும் இடத்துக்குக் கூரையாக இதைத்தான் போட்டார்கள். (காயம்பட்ட விமானிகளின் கண்ணில் பதிந்த பெர்ஸ்பெக்ஸ் துகள்களைக் கண் ஏற்றுக்கொண்டதைக் கவனித்துத்தான் ஹெரால்டு ரிட்லி 1949-இல் முதல் செயற்கைக் கண் லென்ஸை வைத்தார். மதுரை அரவிந்தின் ஆரோலேப் 1992-இல் குறைந்த விலையில் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியது அந்தக் கதையின் நீட்சி.) போர் முடிந்தபின் இந்தப் பொருள் பொது வாழ்க்கைக்கு வந்தது. பாதி எடை, தட்டினால் உடையாது, பச்சை நிறச் சாயல் இல்லாத தெளிவு. அமெரிக்காவில், முக்கியமாக மேற்குக் கரையில், பெரிய மீன்தொட்டிகளுக்கு இதுவே பிடித்தமான பொருளாயிற்று.

மூன்றாவது பாத்திரம் விளக்கு. பாதரச விளக்கில் உலோக உப்புகளைச் சேர்த்தால் வெளிச்சம் கூடும் என்பதற்கு சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1912-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அதை ஒழுங்காக வேலை செய்ய வைத்தவர் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ராபர்ட் ரைலிங். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் மெட்டல் ஹாலைடு விளக்குகள் ஊர் பார்க்க எரிந்தன. விளையாட்டு மைதானத்துக்கும் தொழிற்சாலைக் கூடத்துக்கும் செய்த விளக்கு அது. வரவேற்பறைக்கு என்று யாரும் நினைத்துச் செய்யவில்லை.

அதை வீட்டுக்குள் இழுத்து வந்தது பவளம். பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் பாசிக்கு வெப்பமண்டலக் கடலின் வெயில் வேண்டும். சாதாரண டியூப் லைட் அதற்குப் பத்தாது. 1980-களில் பெர்லின் ஆர்வலர்கள் மெட்டல் ஹாலைடு விளக்கின் கீழ் பவளத்தை வளர்த்துக் காட்டினார்கள். 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட்டின் கட்டுரைகள் அமெரிக்காவில் வீட்டுப் பவளத் தொட்டி ஆசையைக் கிளப்பிவிட்டன. அப்புறம் என்ன, 250 வாட், 400 வாட் விளக்குகள் அக்ரிலிக் தொட்டிகளின் தலைமேல் ஏறி உட்கார்ந்தன.

எண்களைப் பார்த்தால் ஆபத்து புரியும். விளக்கின் உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் குழாய் எரியும்போது சுமார் 900 டிகிரி செல்சியஸைத் தொடும். அக்ரிலிக் 100 டிகிரியை ஒட்டி இளகிவிடும், பாரம் தாங்கும்போது அதற்கு முன்பே தளர ஆரம்பிக்கும். உருகினால்தான் ஆபத்து என்றும் இல்லை. ஒரு மீட்டர் அக்ரிலிக் பட்டை 30 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். அதே கண்ணாடி கால் மில்லிமீட்டர்தான் நீளும். பகலெல்லாம் விளக்கு, ராத்திரி இருட்டு. தினமும் நீண்டு சுருங்கி, அதே நேரம் சுவரையும் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்றால் ஒட்டிய இடத்தில் மெல்லிய வெடிப்புகள் விழத்தான் செய்யும். அக்ரிலிக் மூடி போட்டவர்கள் இன்னொரு கூத்தையும் பார்த்தார்கள். அடிப்பக்கம் ஈரம், மேல்பக்கம் சூடு... மூடி அப்பளம் போல வளைந்துவிடும்.

அக்ரிலிக் எரியும் என்பதையும் மறக்கக் கூடாது. ஐல் ஆஃப் மான் தீவில் 1971-இல் திறந்த சம்மர்லேண்ட் என்ற கேளிக்கைக் கூடத்தின் கூரையும் முன்சுவரும் பெருமளவு அக்ரிலிக். 1973 ஆகஸ்ட் 2 அன்று வெளியே ஒரு சிறு கூண்டுக் கடையில் பிடித்த தீ உள்ளே பரவி அந்த அக்ரிலிக்கைத் தொட்டது. 50 பேர் இறந்தார்கள். விளக்கின் பங்குக்கு 1992 நவம்பர் 20, விண்ட்சர் கோட்டை. திரைச்சீலையை ஒட்டியிருந்த ஒரே ஒரு சூடான விளக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளைப் பாழாக்கியது. இரண்டும் மீன்தொட்டி விபத்துகள் அல்ல. ஆனால் அதே இரண்டு பொருட்களைத்தான் ஒரு மனிதர் தன் வீட்டுக் கூடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிறார்!

முதலில் எல்லோரும் செய்தது, தொட்டியின் மேல் ஒரு மரப்பெட்டி வைத்து அதற்குள் விளக்கைத் திருகுவது. பார்க்க அறைகலன் மாதிரி அழகாக இருக்கும். ஆனால் சூடு பெட்டிக்குள்ளேயே தங்கும், பெட்டியின் பாரமோ அதே மேற்பட்டையின் மேல். பக்கத்துக்கு ஒரு மின்விசிறி வைத்துச் சமாளித்தார்கள். விசிறி நின்றால் கதை முடிந்தது. எது இளகுமோ அதையே தாங்கியாக வைப்பது நல்ல யோசனையாகத் தெரியவில்லை.

அடுத்து வந்தது உத்தரத்திலிருந்து தொங்கவிடும் முறை. நம்மூர் கான்கிரீட் தளத்தில் கொக்கி எங்கே போட்டாலும் நிற்கும். அமெரிக்க வீட்டு மேற்கூரை பெரும்பாலும் வெறும் ஜிப்சம் பலகை, கொக்கி அதன் மேலுள்ள மர உத்தரத்தில் ஏற வேண்டும். நைலான் கயிறு கூடாது, இரும்புச் சங்கிலி வேண்டும். ஒன்று அறுந்தாலும் விளக்கு தண்ணீரில் விழாமலிருக்க இன்னொரு காப்புச் சங்கிலி. நாடக மேடை விளக்குகளிலும் இதே வழக்கம்தான். வாடகை வீட்டில் கொக்கி போட முடியாதவர்கள் ஒயர் செலுத்தும் உலோகக் குழாயை 'ப' வடிவில் வளைத்து, தொட்டி நிற்கும் மேசையின் பின்பக்கம் திருகி, அதில் தொங்கவிட்டார்கள். எளிமையான, மலிவான ஏற்பாடு. தொட்டியின் மேல் ஒரு கிராம் பாரமும் ஏறாது.

விளக்குக்கும் தண்ணீருக்கும் இடையில் ஓர் அடியாவது இருக்க வேண்டும் என்பது பழக்கத்தில் வந்த அளவு. இங்கேதான் காசுக் கணக்கு வருகிறது. உயர்த்த உயர்த்தப் பட்டைக்கு நல்லது, பவளத்துக்கு வெளிச்சம் குறைவு. ஈடுகட்ட அதிக வாட் விளக்கு வாங்கினால் மறுபடியும் சூடு. ஒரு 400 வாட் விளக்கு பத்து மணி நேரம் எரிந்தால் நாளைக்கு 4 யூனிட், இரண்டு விளக்கென்றால் 8. தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரத்தின் செலவு தனி. அதனால் நல்ல ரிஃப்ளெக்டருக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை.

விளக்கின் அடியில் வெப்பம் தாங்கும் கண்ணாடித் தடுப்பு கட்டாயமாயிற்று. காரணம் மூன்று. இரு முனை விளக்குகளின் புற ஊதாக் கதிரை அது தடுக்கும், தெறிக்கும் உப்புநீர் சூடான குழாயில் படாது, ஆயுள் முடிந்த குழாய் வெடித்தால் சிவந்த துண்டுகள் அக்ரிலிக் மேல் விழாது. சில கிலோ எடையுள்ள சோக் தொட்டியை விட்டுத் தள்ளிப் போனது. ஒயரைப் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றினார்கள், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். எல்லாவற்றுக்கும் காவலாக, கசியும் மின்சாரத்தைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி. பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டால்சீல் 1961-இல் உருவாக்கிய அது இல்லாமல் உப்புநீருக்கு மேல் மின்விளக்கு எரிப்பது துணிச்சல் அல்ல, முட்டாள்தனம்.

2010-களில் எல்.ஈ.டி. வந்து இந்தச் சங்கிலிகளைப் பெரும்பாலும் இறக்கிவிட்டது. அதிலும் சூடு உண்டு, ஆனால் அது முதுகுப்பக்கமாக வெளியேறுகிறது, கீழே தண்ணீர் மேல் கொட்டுவதில்லை. எடையும் குறைவு என்பதால் பல விளக்குகள் இப்போது தொட்டியின் விளிம்பிலேயே கால் ஊன்றி நிற்கின்றன. ஆனால் பழைய அக்ரிலிக் தொட்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் டார்ச் லைட்டோடு போய், மேற்பட்டையின் ஓரங்களில் ஒளியைச் சாய்த்து அடித்து, பனி படர்ந்த மாதிரி வெண்ணிற வெடிப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் விலை பேசுகிறார்கள்.