எச்சரிக்கையை அடக்குவதும் தீர்ப்பதும்: லினக்ஸ் டிரைவர் நிரல்களின் வரலாற்றிலிருந்து

லினக்ஸ் கர்னலின் மூலநிரலில் பாதிக்கும் மேற்பட்டது டிரைவர்கள்தான். எழுதியவர் விலகிப் போயிருப்பார். சாதனமும் கடைகளில் கிடைக்காது. நிரல் மட்டும் தங்கிவிடும். கம்பைலரோ ஆண்டுதோறும் கூர்மையாகிறது. ஒரு காலத்தில் சத்தமின்றிக் கம்பைல் ஆன வரிகளைப் ஜிசிசி கம்பைலரின் புதிய பதிப்பு சந்தேகத்தோடு பார்க்கிறது. அந்தச் சந்தேகத்துக்குக் கர்னல் சமூகம் சொன்ன பதில் மெல்ல மெல்ல மாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம். வாயடைப்பதில் தொடங்கி, நிரலர் நினைத்ததை நிரலிலேயே எழுதவைப்பது வரை அந்த மாற்றம் நீள்கிறது.

முதல் நெருக்கடி ஆல்ஃபா செயலியோடு வந்தது. 1995-இல் வெளியான 1.2 பதிப்பு அதை ஆதரித்தது. இன்டெல் 386-இல் இன்ட்டும் பாயின்டரும் 32 பிட்டுகள். ஆல்ஃபாவில் பாயின்டர் 64 பிட்டுகள். நினைவக முகவரியை இன்ட்டில் போட்டுவைத்த நிரல்களைப் பார்த்து, அளவு பொருந்தவில்லை என்று கம்பைலர் முறையிட்டது. ஒரு காஸ்ட் போட்டால் முறையீடு நிற்கும். முகவரியின் மேல்பாதி வெட்டுப்படுவது நிற்காது. அன்சைன்டு லாங் வகைக்கு மாறுவதே உண்மையான தீர்வு.

வாயடைக்கும் பழக்கம் 2007-இல் ஒரு மேக்ரோவாகவே கர்னலுக்குள் நுழைந்தது. மதிப்பளிக்கப்படாத மாறியை அதற்கே சமப்படுத்தி, எச்சரிக்கையை மறைப்பது அதன் வேலை. எழுதிய அன்று அந்த மாறி பாதுகாப்பானதாகவே இருந்திருக்கலாம். பின்னால் ஒருவர் அந்தச் செயற்கூற்றில் புதிய பாதை ஒன்றைச் சேர்த்தால், மதிப்பில்லாத மாறி பயன்படுவதைச் சொல்லக் கம்பைலருக்கு வாய் இருக்காது. கர்னல் நிரலர் கீஸ் குக் முன்னெடுத்த பணியால் 2020-இல், 5.9 பதிப்பில், மேக்ரோ ஒழிந்தது. அதே ஆண்டில் எதிர்த்திசையிலும் ஒரு முடிவு வந்தது. ஜிசிசி 10 பொய் எச்சரிக்கைகளைப் பொழிந்தபோது, ‘மதிப்பளிக்கப்படாமல் இருக்கலாம்’ என்ற வகையையே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இயல்புநிலையில் அணைத்தார். இதைப் பின்வாங்கலாக நான் கருதவில்லை. பொய் மிகுந்தால் மெய்யான எச்சரிக்கையையும் யாரும் படிக்கமாட்டார்கள்.

மிகுந்த பயன் தந்தது சுவிட்ச் பற்றிய எச்சரிக்கை. ஒரு கேஸின் முடிவில் பிரேக் இல்லையென்றால் ஓட்டம் அடுத்த கேஸுக்குள் நுழையும். அது வேண்டுமென்றே விடப்பட்டதா, மறதியா என்பது சி மொழியின் இலக்கணத்தில் தெரியாது. 2017-இல் ஜிசிசி 7 இதைக் கேட்கத் தொடங்கியபோது கர்னலில் 2,000-க்கும் மேற்பட்ட இடங்கள் அகப்பட்டன. கர்னல் நிரலர் குஸ்தாவோ சில்வா அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். பெரும்பாலானவை திட்டமிட்டவை, சிலவற்றில் பிரேக் உண்மையிலேயே விடுபட்டிருந்தது. 2019-இல் 5.3 பதிப்பு இந்த எச்சரிக்கையைக் கர்னல் முழுவதற்கும் இயக்கியது. அதுவரை நோக்கத்தைக் குறிப்புரைகள் சொல்லிவந்தன. கிளாங் கம்பைலர் குறிப்புரைகளைப் படிக்காததால், ஃபால்த்ரூ என்ற மேக்ரோ அவற்றின் இடத்துக்கு வந்தது.

2021 செப்டம்பரில் எல்லா எச்சரிக்கைகளையும் பிழைகளாக எண்ணும்படி டோர்வால்ட்ஸ் ஆணையிட்டார். பல செயலிகளிலும் கம்பைலர் பதிப்புகளிலும் பில்ட் உடையவே, சில நாள்களில் அது சோதனை பில்ட்களின் இயல்புநிலையாகச் சுருங்கியது. ஆனால் சோதனை பில்ட் நிரல் கம்பைல் ஆகிறதா என்பதை மட்டுமே சொல்லும். பழைய சாதனம் யாரிடமும் இல்லாதபோது, திருத்திய டிரைவர் அதை இயக்குகிறதா என்று பார்க்க வழியில்லை. ஆகவே இத்தகைய டிரைவர்களில் நிரலின் நடத்தையை மாற்றாத சிறு திருத்தங்களையே பராமரிப்பாளர்கள் ஏற்பது நியாயம்.